வெட்டுறதுக்கு முன்னாடி எழுது: என்ஜின் மாத்துற தம்பிகளுக்கு அக்காவோட வயரிங் டிப்ஸ்

என்ஜினை இறக்கி ஏத்துறது ரெண்டு நாள் வேலை. செயின் பிளாக்கும் கைக்கு நாலு ஆளும் இருந்தா முடிஞ்சுது. அதுக்கப்புறமும் வண்டி ஒரு மாசம் ஷெட்டுலயே நிக்குதுன்னா, காரணம் என்ஜின் இல்ல தம்பி, வயரிங். அதுலயும் பாதியை நீயே வெட்டிப் போட்டுட்டு, "எது எங்க போகுதுன்னு தெரியலக்கா"ன்னு வந்து நிப்பே. தங்கச்சி, நீ சிரிக்காதே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

நம்ம பாலக்கோடு பக்கம் இந்தக் கூத்து அதிகமா நடக்குறது 1.3 டீசல் வண்டியில. ஃபியட்டோட 1248 சிசி மல்டிஜெட் என்ஜின் அது. மாருதி அதை டிடிஐஎஸ்னு பேர் வெச்சு ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ்ல போட்டாங்க. டாடா குவாட்ராஜெட்னு விஸ்டா, மான்சாவுல போட்டாங்க. ஃபியட்டோட புன்டோ, லீனியாவுலயும் அதே கதைதான். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்ப மாருதி டீசல் காரையே நிறுத்திட்டாங்க. ஆனா பழைய வண்டி ஓடிட்டுத்தானே இருக்கு? தக்காளி மண்டிக்கும் ஓசூருக்கும் ஓடி என்ஜின் அடிவாங்கினதும், "எல்லாம் ஒரே என்ஜின்தானே, கப்ளரைச் சொருகினா ஓடிரும்"னு யாராவது ஒருத்தர் கிளப்பி விடுவாங்க.

நம்பாதே. இரும்பு ஒண்ணா இருக்கலாம். ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் பெட்டி), சென்சார், கப்ளர் எல்லாம் கம்பெனிக்கு ஒண்ணு, வருஷத்துக்கு ஒண்ணு. 75 பிஎஸ் என்ஜின்ல சாதா டர்போ. 90 பிஎஸ் என்ஜின்ல வேரியபிள் டர்போ, அதைக் கட்டுப்படுத்தத் தனி வயரே வரும். பிளாக்கைப் பார்த்து ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு கட்டினா வயரிங்ல மாட்டுவே. வெளிநாட்டுல பிரபலமான சில என்ஜின்களுக்கு என்ஜின் வயரிங்கையும் வண்டி வயரிங்கையும் இணைக்குற அடாப்டர் வயரிங்கை ரெடிமேடா விக்கிறாங்க. நமக்கு அது கிடையாது, நாமளேதான் செய்யணும். செய்யலாம், பயப்படாதே. வரிசை மாறாம செய்யணும், அவ்வளவுதான்.

முதல்ல பேப்பர்

1. ஆர்.சி.க்கு ஒத்துவராத என்ஜினை வாங்கவே வாங்காதே. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐ யாராவது படிச்சுச் சொல்லக் கேளு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதியாச் சொல்லிருச்சு. என்ஜின் போயிருச்சுன்னா அதே மேக், அதே டைப் போடுறதுதான் வழி. அதுலயும் வருஷம் மாறினா கப்ளர் மாறும், அடாப்டர் அதுக்குத்தான். டாடா வண்டியில மாருதி என்ஜினைப் போட்டுட்டு "சிசி ஒண்ணுதானே சார்"னு வாதாடினா எடுபடாது.

2. பாலக்கோடு மோட்டார் வாகன ஆய்வாளர் ஆபீஸ்ல முதல்லயே கேட்டுரு. அனுமதி வாங்கு. மாத்தினதும் புது என்ஜின் நம்பரை ஆர்.சி.யில ஏத்து. இதைத் தள்ளிப் போடாதே, தெரிவிக்கிறதுக்குச் சட்டத்துல 14 நாள் கணக்கு இருக்கு. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னு 182ஏ பிரிவுல போட்டிருக்கு. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல சொல்லிரு. ஆக்சிடென்ட் ஆனப்புறம் அவங்க கண்ணுல முதல்ல படுறது அந்த நம்பர்தான்.

3. பில் இல்லாத என்ஜின் ஓசியில வந்தாலும் வேண்டாம். பிளாக்குல குத்தின நம்பரைத் துணியால துடைச்சுப் பாரு. அரம் போட்ட தடமோ, எழுத்து கோணலோ இருந்தா திரும்பிப் பார்க்காம வந்துரு. திருட்டு வண்டி என்ஜினை வாங்கிட்டு ஸ்டேஷனுக்கு அலையாதே.

வாங்கும்போது

4. என்ஜினை மட்டும் தூக்கிட்டு வராதே, செட்டா வாங்கு. என்ஜின் வயரிங், ஈசிஎம், சாவி, இம்மொபிலைசர் பெட்டி, ஆக்ஸிலரேட்டர் பெடல், ஃபியூஸ் பாக்ஸ், ஹீட்டர் பிளக் ரிலே எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரணும். ஈசிஎம்முக்குத் தன் சாவி மட்டும்தான் தெரியும். வேற சாவியைப் போட்டா செல்ஃப் சுத்தினாலும் வண்டி எடுக்காது. பெடல்ல ரெண்டு சிக்னல் வரும், அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "பெடல் எங்கிட்ட இருக்கு"ன்னு மிச்சம் பிடிக்காதே.

5. வயரிங்கை வெட்டி எடுக்க விடாதே. பெங்களூரு ஜே.சி. ரோடு போனாலும் சரி, சென்னை புதுப்பேட்டை போனாலும் சரி, கடைப் பையனுக்கு அவசரம். கட்டரைப் போட்டு நறுக்குன்னு வெட்டித் தருவான். கூட நின்னு கப்ளரைக் கழட்டி எடுக்கச் சொல்லு, ஐநூறு கூடக் கேட்டாலும் கொடு. வெட்டித்தான் ஆகணும்னா, கப்ளர்ல இருந்து அரை அடி வயராவது விட்டு வெட்டச் சொல்லு. கப்ளர் கழுத்தோட வெட்டினதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

6. எதிர்க் கப்ளரையும் கேட்டு வாங்கு. அடாப்டருக்கு ஆண் பக்கம், பெண் பக்கம் ரெண்டும் வேணும். உடைஞ்ச வண்டி வயரிங் குவியல்ல தேடினா கிடைக்கும். அங்க நிக்கும்போது தேடாம வந்துட்டு, அதுக்காக மறுபடி ராயக்கோட்டை வழியா பெங்களூருக்கு பஸ் ஏறாதே.

7. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடு. கொடுக்குற வண்டி, வாங்குற வண்டி ரெண்டையும் எடு. ஒவ்வொரு கப்ளர்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பேனாவுல பேர் எழுது: "ரெயில் பிரஷர்", "கிராங்க்", "ஏர் மாஸ்". ஞாபகத்தை நம்பாதே.

நோட்டுப் போடு

இதுதான் தம்பி மொத்த வேலையும். இந்த இடத்துல ஒரு நாள் உட்கார்ந்தா, பின்னாடி ஒரு மாசம் மிச்சம்.

8. அடாப்டர் முதல்ல பேப்பர்ல உருவாகட்டும். நாப்பது பக்க நோட்டு வாங்கி அஞ்சு கட்டம் போடு: என்ஜின் பக்கக் கப்ளரும் பின் நம்பரும், வயர் கலர், என்ன வேலை, வண்டிப் பக்கக் கப்ளரும் பின் நம்பரும், செக் பண்ணின டிக். மாதிரிக்கு ஒரு வரி: "என்ஜின் கப்ளர் 1, பின் 4 / கறுப்பு–மஞ்சள் / சாவி போட்டதும் 12 வோல்ட் / பாடி கப்ளர் 3, பின் 9 / டிக்." ஒரு பின்னுக்கு ஒரு வரி. ஒண்ணும் போகாத பின்னுக்கும் "காலி"ன்னு எழுது. எழுதலேன்னா நாளைக்கு விட்டுப்போச்சோன்னு சந்தேகம் வரும்.

9. கலரை நம்பாதே, நம்பரை நம்பு. ஒரு கம்பெனியில எர்த்துக்கு வர்ற கலர் இன்னொரு கம்பெனியில வேற எதுக்கோ வரும். ஒரே கம்பெனியிலயும் வருஷத்துக்கு வருஷம் மாறும். கப்ளர் முகத்துல பொடி எழுத்துல நம்பர் அச்சடிச்சிருக்கும். மொபைல் கேமராவுல ஜூம் பண்ணிப் பாரு.

10. படத்தை எந்தப் பக்கமிருந்து வரைஞ்சிருக்காங்கன்னு பாரு. எல்லாரும் வழுக்கி விழுற இடம் இதுதான். வயர் நுழையுற பக்கம் பார்த்து வரைஞ்ச படத்தை, சொருகுற முகத்துக்குன்னு நினைச்சுப் படிச்சா, சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி வலது இடதாயிரும். அஞ்சு வோல்ட் சென்சார் வயர்ல 12 வோல்ட் போச்சுன்னா ஈசிஎம் காலி. ஒவ்வொரு பக்கத்துலயும் "வயர் பக்கம்" இல்லேன்னா "முகம்"னு தலைப்பு எழுது.

11. வயரை மூணு கூட்டமாப் பிரி. முதல் கூட்டம் என்ஜினுக்கும் ஈசிஎம்முக்கும் நடுவுல மட்டும் ஓடுறது: இன்ஜெக்டர், ரெயில் பிரஷர், கிராங்க், கேம், ஏர் மாஸ். இதைத் தொடவே கூடாது, என்ஜினோட வந்த வயரிங்லயே அப்படியே இருக்கட்டும். ரெண்டாவது பவர், எர்த், சாவி, ஸ்டார்ட்டர். மூணாவது மீட்டர் போர்டு, ரேடியேட்டர் ஃபேன், ஏசி, பிரேக் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச். அடாப்டர் வேணுங்கிறது பின்னால சொன்ன ரெண்டுக்கு மட்டும்தான். நூறு வயரைப் பார்த்து மலைச்சு நிக்கிறியே, உண்மையில நீ இணைக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம்.

அடாப்டர் செய்யும்போது

12. வண்டி வயரிங்லயும் வெட்டாதே, என்ஜின் வயரிங்லயும் வெட்டாதே. நடுவுல ஒரு துண்டு. ஒரு முனையில வண்டிக்குப் பொருந்துற கப்ளர், மறு முனையில என்ஜினுக்குப் பொருந்துற கப்ளர். தப்பு வந்தா கழட்டி மேஜையில வெச்சுப் பார்க்கலாம். டேஷ்போர்டுக்கு அடியில தலைகீழாப் படுத்துக்கிட்டுத் தேட வேண்டாம்.

13. வீட்டு வயரிங் மீந்துச்சுன்னு அதைப் போடாதே. வண்டி அதிர்வுக்கும் என்ஜின் சூட்டுக்கும் ஆட்டோ வயர்தான் தாங்கும். சிக்னலுக்கு அரை, முக்கால் சதுர மில்லிமீட்டர் போதும். ஃபேன், ஹீட்டர் பிளக் மாதிரி கரண்ட் இழுக்குறதுக்குப் பழைய வயர் என்ன தடிமனோ அதுக்குக் குறையாம போடு.

14. முறுக்கி டேப் சுத்துறதெல்லாம் கல்யாண சீரியல் செட்டுக்கு. இங்க பின் போட்டு, அதுக்கான கிரிம்பிங் டூல்ல அழுத்து. கட்டிங் பிளேயர்ல நசுக்கினா இன்னைக்குப் பிடிக்கும், ஆறு மாசத்துல ஆடும். சோல்டர் வெச்சா ஈயம் வயருக்குள்ள ஏறி விறைச்சிரும்; அதிர்வுல விறைச்ச ஓரத்துலதான் ஒடியும். வேற வழியே இல்லாம சோல்டர் வெச்சா, மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, ஆடாத மாதிரி கட்டு. ஒவ்வொரு பின்னையும் சொருகினப்புறம் மெல்ல இழுத்துப் பாரு. கையோட வந்தா அது பூட்டல.

15. முறுக்கின ஜோடி வயரைப் பிரிக்காதே. கிராங்க் சென்சாருக்கும், ஈசிஎம் மத்த பெட்டிகளோட பேசுற கேன் லைனுக்கும் ரெண்டு வயரை முறுக்கி விட்டிருந்தாங்கன்னா காரணத்தோடதான். நேரா விட்டா பக்கத்து வயரோட இரைச்சல் சிக்னல்ல ஏறும். நீட்டணும்னா நீயும் முறுக்கியே நீட்டு.

கரண்ட் விஷயம்

16. எர்த்துக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே. பேட்டரி மைனஸ்ல இருந்து என்ஜின் பிளாக்குக்கு ஒரு தடி வயர், பாடிக்கு ஒண்ணு. ஈசிஎம் எர்த்தை அதுக்குன்னு விட்ட இடத்துலயே போடு, பெயின்ட்டைச் சுரண்டிட்டுப் போடு. சோதனை சுலபம்: மல்டிமீட்டரை வோல்ட்ல வெச்சு ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, மறு முனை பிளாக்குல. ஆளை விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. ஊருக்குள்ள நல்லா ஓடுற வண்டி, தொப்பூர் கணவாய் ஏறும்போது இழுக்காம லாரிக்கு நடுவுல நின்னா தெரியும் எர்த்தோட அருமை.

17. ரிலே கால் நம்பரை மனப்பாடம் பண்ணு. 30 பேட்டரியில இருந்து. 87 வேலை செய்யுற பொருளுக்கு. 85, 86 காயில். அஞ்சு கால் ரிலேயில நடுவுல இருக்குற 87ஏ, ரிலே ஆஃப்ல இருக்கும்போது சப்ளை கொடுக்கும். மாத்திச் சொருகினா ராத்திரி முழுக்க ஃபேன் ஓடி, காலையில பேட்டரி செத்திருக்கும்.

18. சாவி 12 வோல்ட்டை ரெண்டு நிலையிலயும் பாரு. சாவி ஆன்லயும் இருக்கணும், செல்ஃப் அடிக்கும்போதும் இருக்கணும். ரேடியோ வயர்ல இருந்து எடுத்தா, செல்ஃப் அடிக்கிற நேரம் அது கட் ஆகும். ஈசிஎம் தூங்கிரும். "செல்ஃப் சுத்துது, எடுக்க மாட்டேங்குதுக்கா"ன்னு டீசல் பம்ப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி இந்த ஒரு வயரைப் பாரு.

19. ஃபியூஸ் பேட்டரி பக்கத்துல இருக்கணும். வழியில வயர் உரசினாலும் ஃபியூஸ்தான் போகணும், வண்டி எரியக்கூடாது. எரிஞ்ச ஃபியூஸ்ல சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுத்துறவனை ஷெட்டுக்குள்ளயே விடாதே.

மீட்டர் போர்டு

20. ஈசிஎம் சென்சார்ல இருந்து பழைய மீட்டருக்கு வயர் இழுக்காதே. ரெண்டு பேருக்கும் கணக்குத் தப்பும். பழைய முள்ளு மீட்டர்னா அதுக்கு அதோட பழைய சென்சாரைத் தனியாப் போடு.

21. சார்ஜ் லைட் பல்பை விட்டுடாதே. நிறைய ஆல்டர்னேட்டர் அந்தச் சின்ன பல்பு வழியா வர்ற கரண்ட்லதான் முழிக்கும். பல்பு இல்லேன்னா சார்ஜ் ஏறாது. நீ ஆல்டர்னேட்டர் போச்சுன்னு புதுசு வாங்குவே.

22. ரேடியேட்டர் ஃபேனை முதல் நாளே இணை. இந்த என்ஜின்கள்ல ஃபேனை ஓட விடுறது ஈசிஎம்தான். சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம டெஸ்ட் டிரைவ் போனா ஹெட் கேஸ்கெட் போயிரும். ஏசியைக் கடைசியாப் பார்த்துக்கலாம், வேர்க்கிறதால யாரும் செத்துப் போயிட மாட்டாங்க.

சூடு, தண்ணி, எலி

23. டர்போ, சைலன்சர் பக்கத்துல வயரை விடாதே. ஃபயர்வால் ஓட்டையில ரப்பர் கிரோமெட் போடு, தகடு ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். ஈசிஎம்முக்குப் போற வயரைக் கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏத்து, மழைத்தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிரும். தோட்டத்துல வண்டி நிறுத்துறவங்க வயர் மேல போட்ட நெளிவு டியூபைப் பிளவு தெரியாம டேப் சுத்தி மூடுங்க. தக்காளிக் கூடை ஏத்துற வண்டிக்குள்ள எலி வராம இருக்குமா? வாரத்துக்கு ஒரு தடவை பானெட்டைத் திற.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி

24. பேட்டரியை நேரா மாட்டாதே. மைனஸ் வயருக்கு நடுவுல ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போடு. கதவை மூடு, சாவி ஆஃப்ல இருக்கட்டும். பல்பு பளிச்சுனு எரிஞ்சா எங்கயோ ஷார்ட். எரியலேன்னா பல்பை எடுத்துட்டு நேரா மாட்டு. அஞ்சு ரூபாய் புத்தி, ஈசிஎம்மைக் காப்பாத்தும்.

25. செல்ஃப் அடிக்காதே, முதல்ல ஸ்கேனரைப் போடு. ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட்டுல 16-வது பின்ல பேட்டரி பிளஸ், 4-லயும் 5-லயும் எர்த் வரணும். ஸ்கேனர் ஈசிஎம்மோட பேசினா பவரும் எர்த்தும் சரின்னு அர்த்தம். பேசலேன்னா செல்ஃப் அடிச்சுப் பிரயோஜனமே இல்ல, மேல சொன்ன 16, 17, 18-வது டிப்ஸைத் திரும்பப் பாரு. இன்ஜெக்டர் மாறியிருந்தா, சில மாடல்ல அதோட கோட் நம்பரையும் ஈசிஎம்ல ஏத்தணும். அதைப் பில்லுலயே எழுதி வெச்சுக்கோ.

26. இதெல்லாம் கூடவே கூடாது: சென்சார் வயர்ல டெஸ்ட் லேம்ப் வைக்கிறது. வயரைக் குண்டூசியால குத்திப் பார்க்கிறது. ஓடுற என்ஜின்ல இன்ஜெக்டர் வயரைத் தொடுறது. அங்க அறுபது வோல்ட்டுக்கு மேல பாயும். ஈசிஎம்மைக் கழட்டாம வெல்டிங் வைக்கிறது. சாவி ஆஃப் பண்ணின கையோட பேட்டரியைக் கழட்டுறது. ஈசிஎம் தன் வேலையை முடிக்க அரை நிமிஷம் கொடு.

நேரமில்லாதவங்களுக்கு

எங்க மிச்சம் பிடிக்கலாம்? ஏசி, சென்ட்ரல் லாக், ரேடியோ எல்லாத்தையும் தள்ளிப் போடு. கிரிம்பிங் டூல் வாங்காம இரவல் வாங்கு. பின் போடுற வேலையை மட்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கொடு. நோட்டு உன்கிட்ட இருந்தா அவருக்கு அது அரை நாள் வேலை, கூலியும் குறையும். மிச்சம் பிடிக்கக் கூடாதது: எர்த், ஃபியூஸ், ஆர்.சி.

இன்னொண்ணு. இம்மொபிலைசர் ஒத்துவரவே இல்ல, ஈசிஎம் செட் கிடைக்கலேன்னா பிடிவாதம் பிடிக்காதே. உன் வண்டி மாடல், உன் வண்டி வருஷத்து என்ஜினையே தேடிப் பிடிச்சு, உன் பழைய வயரிங்கையும் ஈசிஎம்மையும் அது மேல போடு. அடாப்டரே தேவைப்படாது. விலை கொஞ்சம் கூட இருக்கும். ஷெட் வாடகை, வேலைக்குப் போகாத நாள், பெங்களூரு பஸ் சார்ஜ் எல்லாத்தையும் கூட்டிப் பாரு, மலிவா வந்தது எதுன்னு புரியும்.

வர்ற முகூர்த்தத்துக்கு இந்த வண்டியிலதான் எல்லாரும் போறோம்னு வீட்ல வாக்கு கொடுத்திருந்தா, இன்னைக்கே வாபஸ் வாங்கிட்டு ஒரு வாடகை வண்டி பேசிரு. தேதி குறிச்சுக்கிட்டு யாரும் வயரிங் பண்ணக்கூடாது.